கொழுந்துக்குக் காற்று, கொழுந்து எடுக்கிறவளுக்கு இரும்புப் பெட்டியா?



நான் லயத்தில் பிறந்தவன். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஏழு பேராக வளர்ந்தவன். பதினான்கு வருடமாக யாழ்ப்பாணம் கொக்குவிலில் மின்வேலை செய்கிறேன். சோலர் பலகை பூட்டுவது, தண்ணீர் மோட்டார் திருத்துவது, வீடுகளுக்கு வயர் இழுப்பது, இதுதான் என் பிழைப்பு. பெரட்டுக் களத்தில் கைகட்டி நின்ற அப்பாவும், கூடை சுமந்து முதுகு வளைந்த அம்மாவும் மாதா மாதம் இந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டினார்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எழுத வைத்தது என் தங்கச்சியின் தொலைபேசி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டபோது அவளுடைய லயத்தின் பின்பக்க மண்மேடு இறங்கியது. உயிர் தப்பியது. காம்பரா சுவர் மேலிருந்து கீழாக வெடித்து நிற்கிறது. அன்றிலிருந்து சொந்தக்காரர் வீட்டு இஸ்தோப்பில்தான் புருஷனும் இரண்டு பிள்ளைகளும் அவளும்.

"அண்ணே, நமக்குக் கொன்ரெய்னர் குடுக்கப் போறாங்களாம். கப்பல்ல சாமான் வருமே, அந்தப் பொட்டி. மேல சோலர் பேன் வச்சு வருதாம். குளுகுளுன்னு இருக்குமாம். கையெழுத்து கேக்குறாங்க. ஒனக்குத்தான் சோலர் தெரியுமே, போடவா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏனென்றால் அந்தப் பெட்டியை நான் அறிவேன். அதில் சோலர் பேன் பூட்டியவனே நான்தான்.

கொக்குவிலில் நான் பூட்டிய விசிறி

போன வருடம் சித்திரை வெயில். கொக்குவிலில் சாமான் மொத்தமாக ஏற்றி இறக்கும் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். அவருடைய வளவில் இருபது அடிக் கொன்ரெய்னர் ஒன்று. பகலில் சாமான் அறை. இரவில் அவரிடம் மூட்டை தூக்கும் நாலு பெடியள் படுக்கும் அறை. நாலு பேரும் நம்முடைய தோட்டத்துப் பிள்ளைகள். பதினெட்டு, பத்தொன்பது வயது.

"தம்பி, உள்ளுக்க சரியான வெக்கையாம். பெடியள் முணுமுணுக்கிறாங்கள். ஒரு சோலர் ஃபானைப் பூட்டி விடும். கரண்ட் பில்லும் வராது" என்றார்.

பூட்டினேன். 12 வோல்ற்று, 25 வாற் விசிறி ஒன்று. கூரையில் 40 வாற் பலகை. பின்சுவரின் மேல்மூலையில் வட்டமாக வெட்டி, வலை அடித்து, மழைத் தொப்பி போட்டு, உள்காற்றை வெளியே இழுக்கிற மாதிரி வைத்தேன். விசிறி நன்றாகச் சுழன்றது. முதலாளிக்குத் திருப்தி.

எனக்கு இல்லை. ஒரு வெப்பமானியைக் கொண்டு போய் மூன்று நாள் பார்த்தேன். பிற்பகல் இரண்டு மணிக்கு வெளியே நிழலில் 34 பாகை. விசிறி போடுவதற்கு முன் கதவு சாத்திய பெட்டிக்குள் 51. விசிறி போட்ட பின் 46. அதாவது பேன் செய்த உபகாரம் ஐந்து பாகை. 46 பாகையில் மனிதன் இருக்க முடியுமா? சாமானுக்குச் சரி. பெடியளுக்கு?

ஏன் இப்படி? கணக்கு கஷ்டமானதல்ல. நம் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். இருபது அடிக் கொன்ரெய்னரின் கூரை ஏறக்குறைய 15 சதுர மீற்றர். உச்சி வெயில் ஒரு சதுர மீற்றரில் 1,000 வாற் அளவுக்கு விழும். அப்படியானால் கூரையில் மட்டும் 14, 15 கிலோவாற். தண்ணீர் கொதிக்க வைக்கிற மின் கேத்தல் ஏழெட்டை ஒரே நேரத்தில் தலைக்கு மேல் போட்டு வைத்த மாதிரி. அதில் ஒரு பங்கு காற்றோடு போய்விடும், ஒரு பங்கு வானத்துக்குத் திரும்பும். மிச்சத்தில் இரண்டு கிலோவாற் உள்ளே இறங்கினாலே போதும், பெட்டி அடுப்பாகிவிடும். இரும்பு சூட்டைத் தடுக்காது. வாங்கி அப்படியே உள்ளுக்குக் கொடுக்கும்.

இப்போது விசிறியைப் பாருங்கள். பெட்டியின் மேல் மணிக்கு 600 கன மீற்றர் காற்றுத் தள்ளும் என்று அச்சடித்திருக்கும். வலை, தொப்பி, காற்று வர வழி இல்லாத அடைப்பு எல்லாம் சேர்ந்தால் பாதிதான் தேறும். மணிக்கு 300 கன மீற்றர் காற்று, உள்ளே வெளியே உள்ள ஒவ்வொரு பாகை வித்தியாசத்துக்கும் சுமார் 100 வாற் சூட்டைத்தான் கொண்டு போகும். இரண்டு கிலோவாற்றை வெளியேற்ற வேண்டுமென்றால் உள்ளே வெளியைவிட இருபது பாகை கூடுதலாக இருந்தாக வேண்டும். சுவர் வழியாகவும் கொஞ்சம் சூடு போவதால் எனக்குப் பன்னிரண்டு பாகையில் நின்றது.

இன்னொன்று. விசிறி குளிர்சாதனம் இல்லை. வெளிக்காற்றைவிட ஒரு பாகை கூட அது குறைக்காது. "குளுகுளு" என்று தங்கச்சியிடம் சொன்னவர் ஒன்றில் இதை அறியாதவர், இல்லையென்றால் அறிந்தே சொன்னவர்.

பிறகு என்ன செய்தேன்? முதலாளியிடம் சொல்லி, கூரைக்கு ஒரு அடி மேலே மரச்சட்டம் அடித்து, தென்னங்கிடுகு வேய்ந்தேன். நடுவே காற்று ஓட இடைவெளி. நிழல் விழுகிற பக்கச் சுவரில் தரையோடு இரண்டு திறப்பு வெட்டினேன். கீழால் குளிர்ந்த காற்று வர, மேலால் சூடான காற்றை விசிறி இழுத்தது. அதே இரண்டு மணி, அதே 34 பாகை. உள்ளே 36. வேலையைச் செய்தது பெரும்பாலும் கிடுகு. பேன் கைகொடுத்தது, அவ்வளவுதான்.

கொக்குவில் சனத்துக்கு இது புதிதில்லை. ஒரு காலம் கொக்குவிலும் கோண்டாவிலும் சுருட்டுத் தொழிலுக்குப் பேர் போன ஊர்கள். சுருட்டுக் கொட்டில்களில் தொழிலாளர் வரிசையாக இருந்து சுருட்ட, ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார். வெயிலுக்குக் கிடுகு வேயும் வழக்கம் அந்த நாளிலேயே இருந்தது.

மலையில் அந்த விசிறி என்ன செய்யும்?

இதுவரை சொன்னது யாழ்ப்பாண வெயில். அதே பெட்டியை லொறியில் ஏற்றி மலைக்கு அனுப்பினால்?

பகலில் தோட்டத்து ஆட்கள் மலையில் நிற்பார்கள். அப்போது வெயில் இருந்தால் விசிறி வெறும் பெட்டிக்குள் சுழலும். மாலையில் கொழுந்து நிறுத்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு, விறகும் சுமந்து வீடு திரும்புகிற நேரம் சூரியன் மறைந்திருக்கும். பலகையில் நேராகப் பூட்டிய விசிறி அந்த நேரம் நின்றுவிடும். மூடுபனி நாளில் பகலிலும் நொண்டும். பற்றரி வைத்தால் இரவில் ஓடும். ஆனால் பற்றரி சில வருடத்தில் தேயும். அடுத்த பற்றரியை யார் வாங்குவது? அந்த வசனம் அவர்கள் நீட்டும் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரவில் குளிருக்குக் கதவைச் சாத்துவோம். ஆறு பேர் படுத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். இருபது அடிப் பெட்டியின் உள்ளளவு 33 கன மீற்றர். அது கடல் உப்புக் காற்றும் மழையும் உள்ளே போகாதபடி ரப்பர் பட்டி வைத்து அடைத்த பெட்டி. மேல் ஓரத்தில் இருக்கும் சின்னத் துளைகள் அமுக்கத்தைச் சமப்படுத்தப் போதும், ஆட்கள் மூச்சுவிடப் போதாது. ஆறு பேர் எட்டு மணித்தியாலம் விடும் மூச்சில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். விடியும்போது தலையிடி, மயக்கம், பிள்ளைக்கு இரைப்பு. அதோடு மூச்சிலும் வியர்வையிலும் ஒன்றரை, இரண்டு லீற்றர் ஈரம் வெளியேறும். அந்த ஈரம் குளிர்ந்த இரும்பைத் தொட்டதும் தண்ணீராகிக் கூரையிலிருந்து சொட்டும். பாய் நனையும், உடுப்பு பூஞ்சணம் பிடிக்கும். தகரக் கூரை லயத்தில் விடியற்காலை சொட்டு விழுந்து எழும்பியவர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுப்பு? அதைத்தான் நான் மிகவும் பயப்படுகிறேன். மழைக்கு உள்ளே விறகு மூட்டினாலோ, குளிருக்குக் கரிச்சட்டி வைத்தாலோ, அடைத்த இரும்புப் பெட்டிக்குள் சேரும் நச்சுப் புகைக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். 25 வாற் விசிறி அதற்குக் காவல் இல்லை.

தரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொன்ரெய்னரின் தரைப் பலகைக்குப் பூச்சி அரிக்காமல் இருக்க மருந்து ஏற்றியிருப்பது வழக்கம். கதவில் அடித்திருக்கும் தகட்டிலேயே அது எழுதியிருக்கும். அதற்கு முன் அதில் என்ன சாமான் ஏற்றினார்கள் என்று யாருக்குத் தெரியும்? அந்தத் தரையில்தான் நம் பிள்ளை தவழப் போகிறது.

கொழுந்தைப் பாருங்கள், பிறகு நம்மைப் பாருங்கள்

கொழுந்து எடுத்தவுடன் கணக்கப்பிள்ளை என்ன சொல்வார்? "சாக்கில் அமுக்காதே, கொழுந்து வெந்துவிடும்." உண்மைதான். அமுக்கிக் கட்டிய பச்சைக் கொழுந்து தானே சூடேறிச் சிவந்துவிடும். அதனால் மடுவத்தில் நிழல். லொறியில் தொங்கவிட இடம். தொழிற்சாலைக்குப் போனால் வாட்டும் தொட்டி. அதன் அடியில் ஆள் உயர விசிறி. பன்னிரண்டு, பதினெட்டு மணித்தியாலம் இரவும் பகலுமாகக் கொழுந்துக்குக் காற்று. பழைய தொழிற்சாலைகளைப் பாருங்கள், மேல்மாடி முழுக்க ஜன்னல். வெள்ளைக்காரத் துரை கட்டினான். ஏன்? கொழுந்துக்குக் காற்று வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும்.

அதே துரைதான் லயமும் கட்டினான். ஒரு கதவு, முதுகோடு முதுகு ஒட்டிய காம்பரா, பின்பக்கம் ஜன்னலுக்கு வழியே இல்லாத சுவர். காற்றைப் பற்றி அவன் அறியாதவன் என்று சொல்ல முடியாது. எதற்குக் காற்று, யாருக்குக் காற்று என்பதில்தான் அவன் கணக்கு இருந்தது. தொழிற்சாலைக்குள்ளே நிற்கிற தொழிலாளிக்காவது 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் காற்றோட்டம் இருக்க வேண்டும் என்கிறது. அதே தொழிலாளி வேலை முடிந்து படுக்கிற இடத்துக்கு வந்தால் மட்டும் ஒரு பேன் போதுமா?

அளவையும் பார்த்துவிடுவோம். லயக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு, 120 சதுர அடி. இருபது அடிக் கொன்ரெய்னரின் உள்தரை சுமார் 150 சதுர அடி. 2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தோமே, அந்த இருநூறு வருடத்துக்குப் பிறகு நமக்குக் கிடைக்கும் வளர்ச்சி 30 சதுர அடியா? இந்திய அரசின் உதவியில் தோட்டங்களில் கட்டிய வீடுகள் 550 சதுர அடி. இந்தியப் பிரதமர் 2017 மே மாதம் நோர்வூட்டில் வந்து நின்று இன்னும் 10,000 வீடு என்று சொன்னபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அவர் சொன்னது வீடு. பெட்டி என்று சொல்லவில்லை.

யாழ்ப்பாணம் சொன்ன பதில்

கொக்குவிலில் இருந்து கொஞ்ச தூரம் போனால் உரும்பிராய். 2016இல் அங்கே மாதிரிக்கு இரும்பு வீடு கட்டிக் காட்டினார்கள். பேப்பர்களில் "பொருத்து வீடு" என்று எழுதினார்கள். போரில் வீடிழந்த வடக்கு கிழக்குச் சனத்துக்கு 65,000 வீடு, ஆர்சலர் மிட்டல் என்ற உலகப் பெரிய உருக்குக் கம்பனி செய்து தரும், ஒரு வீட்டின் விலை ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா. தளபாடம், தொலைக்காட்சி, சூரிய மின்சாரம் என்று கவர்ச்சியும் கூட இருந்தது. கவனியுங்கள், அங்கேயும் சோலர்தான் மேலே வைத்த பூ.

சனம் என்ன கேட்டது? இந்தக் காசில் இரண்டு கல்வீடு கட்டலாமே என்றது. யாழ்ப்பாண வெயிலுக்கு இது தாங்குமா, காற்று எப்படி வரும், அத்திவாரம் எங்கே, விறகடுப்பு எரிக்கிற குடும்பம் எங்கே சமைக்கும், பத்து வருடத்தில் ஒரு மூலை துருப்பிடித்தால் ஊர் மேசன் திருத்துவானா என்று கேட்டது. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியலாளர்கள் பார்த்துக் குறை சொன்னார்கள். பொருளியல் படித்தவர்கள் கணக்குப் போட்டு எழுதினார்கள். கல்வீடு கட்டினால் ஊர் மேசனுக்கும், கல்லரிகிறவனுக்கும், தச்சனுக்கும் வேலை. இரும்பு வீடு என்றால் காசு கப்பலேறிப் போகும் என்றார்கள். வட மாகாண சபையும், தமிழ்க் கட்சிகளும் எதிர்த்தன. அந்த 65,000 இரும்பு வீடு எழும்பவில்லை.

இதில் ஒரு கசப்பான உண்மையும் உண்டு, அதை மறைக்க மாட்டேன். வீடில்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்த இரும்பு வீட்டுக்கும் விண்ணப்பம் போட்டிருந்தன. அதைக் காட்டித்தான் "பாருங்கள், சனம் விரும்புகிறது" என்றார்கள். நனைகிறவனிடம் கிழிந்த குடையை நீட்டினால் வாங்கத்தான் செய்வான். அதற்காக அவன் கிழிந்த குடையைக் கேட்டான் என்று எழுதலாமா? என் தங்கச்சியிடம் இன்று கேட்கும் கையெழுத்தும் இதே வகைதான்.

யாழ்ப்பாணத்தாருக்கு ஒத்துவராத இரும்பு, தோட்டத்தாருக்கு மட்டும் எப்படி ஒத்துவரும்? அவர்களுக்காவது நிலம் இருந்தது. தங்கள் சொந்தக் காணியில் எந்த வீடு என்றுதான் வாதாடினார்கள். நமக்கு அந்தக் காணியே இல்லை. 1948இல் பிரஜாவுரிமை போனது, 1949இல் வாக்கு போனது, 1964இல் இரண்டு பிரதமர்கள் டில்லியில் உட்கார்ந்து நம்மைத் தலை எண்ணிப் பங்கு போட்டார்கள். நாமிருந்த மண்ணில் நமக்கு ஒரு பிடி எழுதித் தரப்படவில்லை. கொன்ரெய்னர் அந்தக் குறையை மூடி மறைக்கத் தோதான பொருள். அதற்கு அத்திவாரம் வேண்டாம். உறுதி வேண்டாம். நாளைக்கு கிரேன் கொண்டு வந்து தூக்கிக்கொண்டும் போகலாம். சக்கரம் மட்டும்தான் இல்லை.

"தற்காலிகம்" என்ற சொல்

"இது தற்காலிகம்தானே" என்று சொல்வார்கள். தோழர்களே, நம் சனத்துக்கு இந்தச் சொல்லைப் போல நீண்ட ஆயுள் உள்ள சொல் வேறில்லை. கோப்பிக் காலத்தில் வந்துபோகிற கூலிகளுக்கென்று போட்ட கொட்டகைதான் லயம் என்ற பெயரில் தேயிலைக் காலம் முழுவதும் நின்றது. நம் பேரப்பிள்ளைகளும் அதில்தான் பிறக்கிறார்கள்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. எஞ்சியவர்களை முதலில் பள்ளிக்கூடங்களில் வைத்தார்கள், பிறகு ஒரு தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் வைத்தார்கள். சில மாதத்தில் வீடு என்றார்கள். வீட்டுத் திறப்பு கையில் வந்தது 2016இல். துக்கம் விசாரிக்க வந்த கமராக்கள் அவ்வளவு நாளும் அங்கே நிற்கவில்லை.

அப்படியிருக்க, காற்று வருகிற, சோலர் மினுங்குகிற பெட்டி ஒன்றைக் கொடுத்துவிட்டால், அடுத்த வருட வரவு செலவுக் கணக்கில் அந்தக் குடும்பம் எந்தப் பத்தியில் வரும்? "வீடு வழங்கப்பட்டோர்" என்ற பத்தியில். அதுதான் என் பயம். சூட்டைவிட, சொட்டுகிற ஈரத்தைவிட இதுதான் பெரிய ஆபத்து.

எதிர்வாதத்துக்குப் பதில்

நம்முடைய ஆட்களிலேயே சிலர் கேட்பார்கள்: "நீ கொக்குவிலில் கல்வீட்டில் வாடகைக்கு இருந்துகொண்டு பேசுகிறாய். இங்கே கூடாரத்தில் பிள்ளை நனைகிறது. பெட்டியையும் வேண்டாம் என்றால் எங்கே போவது?"

நியாயமான கேள்வி. வெடித்த லயத்துக்குத் திரும்பிப் போ என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மண் இறங்கும் இரவில் இரும்புப் பெட்டி கூடாரத்தைவிட மேல். தார்ப்பாயைவிட மேல். மருந்து கொடுக்கும் இடமாக, சாமான் காக்கும் இடமாக, சில வாரம் தலை சாய்க்கும் இடமாக அது உதவும். சோலர் விசிறியையும் நான் பழிக்கவில்லை. அது என் சோறு. சரியான இடத்தில், சரியான முறையில் பூட்டினால் நல்ல சாமான். நான் எதிர்ப்பது, விசிறியைக் காட்டிப் பெட்டியை வீடாக்குவதை. பெட்டியைக் காட்டிக் காணியை மறக்கடிப்பதை.

ஆகவே வாங்குகிற நிலை வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். கையெழுத்துக்கு முன் இவற்றைக் கேளுங்கள்:

1. எந்தத் திகதி வரை? திகதி இல்லாத தாளில் கைநாட்டும் வைக்க வேண்டாம். அந்தத் திகதிக்குப் பிறகு எந்தக் காணியில், எத்தனை பேர்ச்சில், எத்தனை சதுர அடி வீடு என்பதும் அதே தாளில் எழுத்தில் இருக்க வேண்டும்.

2. வைக்கிற இடம் மண்சரிவு ஆபத்து இல்லாதது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எழுத்து இருக்கிறதா?

3. இரும்புக் கூரைக்கு மேல் இடைவெளி விட்டு இரண்டாவது கூரை உண்டா? சுவருக்கும் கூரைக்கும் உட்புறம் சூடும் குளிரும் தடுக்கும் படலம் உண்டா?

4. எதிரெதிர்ச் சுவர்களில் திறந்து மூடும் ஜன்னல் உண்டா? கரண்ட் இல்லாமல், சூரியன் இல்லாமல், விசிறி பழுதான நாளிலும் காற்று ஓட வேண்டும். கீழே காற்று வரும் வழி இல்லாத இடத்தில் மேலே பேன் வைப்பது, மூக்கை அடைத்துவிட்டு மூச்சு விடு என்பதற்குச் சமம்.

5. கதவை உள்ளிருந்து திறக்க முடியுமா? கொன்ரெய்னரின் சொந்தக் கதவு வெளியிலிருந்து பூட்டுகிற கதவு. அதை அப்படியே விட்ட பெட்டிக்குள் பிள்ளையைப் படுக்க வைக்காதீர்கள். அவசரத்துக்கு இரண்டாவது வழியும் வேண்டும்.

6. அடுப்புக்குப் புறம்பாகப் புகைபோக்கியோடு குசினி உண்டா? தரைப் பலகை மாற்றப்பட்டதா?

7. பற்றரி, விசிறி பழுதானால் யார் பொறுப்பு? எத்தனை நாளில்?

ஏழுக்கும் எழுத்தில் பதில் தந்தால் சில வார அடைக்கலமாக ஏற்கலாம். ஒன்றுக்காவது "பார்ப்போம்" என்று பதில் வந்தால் தாளைத் தோட்டத் தலைவரிடமும் மாதர் சங்கத் தலைவியிடமும் கொடுத்து, லயத்து ஆட்கள் எல்லோரும் சேர்ந்து முடிவெடுங்கள். தனியாக ஒரு குடும்பத்தைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவது பழைய தந்திரம்.

பிள்ளைக் காம்பராவுக்கும் கொன்ரெய்னர் வருகிறது என்று கேள்விப்பட்டால் இந்த ஏழோடு எட்டாவதாக ஒன்றும் கேளுங்கள்: துரையின் பிள்ளையை அதில் ஒரு பகல் விடுவார்களா?

ஒரு வெப்பமானி வாங்குங்கள். பெரிய விலை இல்லை. ஏற்கனவே பெட்டி வந்த இடங்களில் பகல் இரண்டு மணிக்கும், இரவு பத்துக்கும், விடிய ஐந்துக்கும் அளந்து கொப்பியில் எழுதுங்கள். சொட்டு விழுந்த நாள், பிள்ளைக்கு இரைப்பு வந்த நாள், விசிறி நின்ற நாள் எல்லாவற்றையும் திகதி போட்டு எழுதுங்கள். சங்கம் பேச்சுவார்த்தை மேசைக்குப் போகும்போது "வெக்கையாக இருக்கிறது" என்று சொன்னால் சிரிப்பார்கள். "நாற்பத்தாறு பாகை, திகதி இது, சாட்சி இது" என்றால் பேனையை எடுப்பார்கள். உரும்பிராயில் இரும்பு வீட்டை நிறுத்தியதும் இப்படிக் கணக்கோடு கேட்ட கேள்விகள்தான்.

முடிவாக

கொக்குவிலில் அந்த நாலு பெடியளும் இப்போது கிடுகுக் கூரைக்குக் கீழ்ப் படுக்கிறார்கள். போன கிழமை பார்த்தேன். "அண்ணே, இப்ப பரவாயில்ல" என்றான் ஒருவன். பரவாயில்லை என்ற அந்தச் சொல் என் நெஞ்சில் முள்ளாய்க் குத்தியது. நம் தாத்தா லயத்தைப் பார்த்து அதையே சொன்னார். அப்பாவும் சொன்னார். "பரவாயில்லை" என்று சொல்லிச் சொல்லியே இருநூறு வருடம் போனது.

அவர்களுடைய முதலாளியிடமும் சொல்லிவிட்டு வந்தேன்: "ஐயா, நான் பூட்டினது சாமானுக்கு. பெடியளுக்கு ஒரு அறை எடுத்துக் குடுங்கோ." முகம் சுளித்தார். அடுத்த வேலைக்கு என்னைக் கூப்பிடாமல் விடலாம். விடட்டும்.

தங்கச்சிக்கும் பதில் சொன்னேன்.

"தனியா கையெழுத்துப் போடாத. தலைவரைக் கூட்டிட்டுப் போ. திகதியும் காணியும் எழுத்துல கேளு. பேனைப் பத்தி அவங்க பேசினா, நீ காணியைப் பத்திப் பேசு. பிள்ளைங்க நனையாம இருக்க நாலு வாரம் பெட்டியில இருக்கணும்னா இரு. அஞ்சாவது வாரம் சங்கத்தோட ரோட்டுக்கு வா. நானும் கொக்குவில்ல இருந்து பஸ் ஏறி வர்றேன்."

காற்றை யாரும் நமக்குத் தானம் தர வேண்டாம். மலைக்காற்று நம்முடையது. அது உள்ளே வர ஜன்னல் வைத்த சுவரும், அந்தச் சுவர் நிற்க நம் பேரில் எழுதிய நிலமும்தான் கேட்கிறோம். அதைத் தரும்வரை, எந்தப் பெட்டியின் மேல் எத்தனை விசிறி சுழன்றாலும் நம் கேள்வி நிற்கக் கூடாது.